பழைய படத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவர: மதுரை ஏரியாவில் புதிதாக இறங்குபவர்களுக்கான சென்சார் வழிகாட்டி

பழைய படத்தின் மறுவெளியீட்டில் புதிதாக இறங்குபவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். "அந்தக் காலத்திலேயே சென்சார் ஆன படம்தானே, இனி என்ன இருக்கிறது?" என்று நேரே போஸ்டர் அடிக்கப் போகிறவர்கள் ஒரு வகை. "4கே பண்ணியாச்சு, எல்லாம் முதலிலிருந்துதான்" என்று தேவையே இல்லாமல் முழுப் படத்தையும் புதிய விண்ணப்பத்தில் கொண்டுபோய் வைப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு வெளியீட்டுக்கு முந்தைய நாள் படம் நிற்கும். இரண்டாவது வகைக்கு 50 ஆண்டு 'யு' சான்றிதழோடு ஓடிய படம் 'யுஏ 13+' ஆகித் திரும்பி வரும், போதாததற்கு நாலைந்து 'கட்'டும் (வெட்டும்) சேர்ந்து வரும்.

இரண்டையும் தவிர்க்க ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்: அன்று சான்றிதழ் பெற்ற படமும் நாளை திரையில் ஓடப்போகும் படமும் ஒன்றேதானா? எங்கெங்கே வேறுபடுகிறது? இதற்குத் துல்லியமான பதில் கையில் இருந்தால் சென்சார் வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

சட்டம் சொல்வது

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம். அதன் எழுத்துப்படி சான்றிதழின் ஆயுள் முன்பு 10 ஆண்டு. 2023-ல் வந்த திருத்தம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஆகவே "சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதே திருத்தம்தான் 'யுஏ' பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. இந்த வயதுக் குறிப்பு பெற்றோருக்கான வழிகாட்டல். தியேட்டர் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டியது 'ஏ' படத்துக்கு வரும் 18 வயதுக்குக் குறைந்தவர்களை மட்டுமே.

சான்றிதழுக்கு இனிக் கால வரம்பு இல்லை, ஆனால் அது மாறாத படத்துக்கு மட்டுமே. சான்றிதழ் பெற்ற பிறகு ஒரு துண்டை வெட்டினாலும், சேர்த்தாலும், வண்ணம் ஏற்றினாலும், வேறு விதத்தில் மாற்றினாலும் அதைத் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து, சான்றிதழில் குறிப்பு ஏற்றிய பிறகே திரையிடலாம். 1983 விதிகளில் இது 33-ஆம் விதி. அவற்றுக்குப் பதிலாக வந்த 2024 விதிகளிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. 'வண்ணம் ஏற்றுதல்' என்று விதியே பெயர் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் கொடுத்து வெளியிடுபவர்கள் "கதை மாறவில்லையே" என்று வாதாட அங்கே இடமே இல்லை.

மீறினால் 7-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது தயாரிப்பாளரோடு நிற்பதில்லை, திரையிடுபவருக்கும் பொருந்தும். அதனால்தான் தியேட்டர்காரர்கள் சான்றிதழ் நகலைக் கேட்கிறார்கள். கேட்காத தியேட்டருக்கும் நீங்களாகக் கொடுத்துவிடுங்கள்.

முதல் வேலை: யார் விண்ணப்பிப்பது, பழைய சான்றிதழ் எங்கே

மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் சேர்ந்த எம்.ஆர். (மதுரை-ராமநாதபுரம்) ஏரியாவுக்கு மட்டும் உரிமை வாங்கியவர் சென்சாருக்குப் போக முடியாது. போக வேண்டியவர் தயாரிப்பாளர், அல்லது நெகட்டிவ் உரிமை (படத்தின் மூல உரிமை) வைத்திருப்பவர், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர். ஏரியா வாங்குபவர் செய்ய வேண்டியது, முன்பணம் கொடுக்கும் முன் மூன்று தாள்களைப் பார்ப்பது: நெகட்டிவ் உரிமை கைமாறிய ஒப்பந்தங்கள் ஒன்றுவிடாமல், லேப் லெட்டர் (நெகட்டிவ் யார் பெயரில் இருக்கிறது என்று லேப் தரும் கடிதம்), சென்சார் சான்றிதழ். ஒப்பந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் வெளியீட்டு வாரத்தில் யாராவது தடை உத்தரவோடு வருவார்கள். அப்படி வரக்கூடும் என்று சந்தேகம் இருந்தால் உரிமையாளரை முன்கூட்டியே கேவியட் மனு (தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு) போட்டுவைக்கச் சொல்லுங்கள். 90 நாள் தாங்கும்.

படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1964-ல் வந்த படத்துக்கு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதனால் மட்டும் எல்லாம் பொதுச் சொத்து என்று எண்ண வேண்டாம். கதை, பாடல் வரி, இசை ஆகியவற்றின் கணக்கு, எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் தொலைந்துபோயிருந்தால் தேட வழி இருக்கிறது. சான்றிதழ் வழங்கிய விவரத்தை இந்திய அரசிதழில் வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. படம் வெளியான தேதிக்கு முந்தைய சில வாரங்களில் சென்சார் ஆகியிருக்கும். அங்கிருந்து பின்னோக்கித் தேடுங்கள். புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் பழைய தணிக்கை ஆவணங்கள் உண்டு. எண்ணும் தேதியும் கிடைத்துவிட்டால் சென்னை மண்டல அலுவலகத்தில் நகலுக்கு எழுதலாம்.

1951-க்கு முந்தைய படம் என்றால் கணக்கு வேறு. மத்தியத் தணிக்கை வாரியம் அந்த ஆண்டு ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் சென்னை மாகாணத்துக்குத் தனி வாரியம். ஏ.வி.எம். காரைக்குடியில் இருந்த காலத்துப் படங்களெல்லாம் அந்த வகை. அவற்றுக்குப் பழைய தாளைத் தேடி அலைவதைவிடப் புதிய சான்றிதழுக்கு நேரே போவதுதான் சுருக்கு.

சான்றிதழைப் படிப்பது

கையில் கிடைத்த சான்றிதழில் பெரும்பாலானவர்கள் பார்ப்பது 'யு'வா 'ஏ'வா என்பதை மட்டும். உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு.

பிரிவு: 1983 ஜூனுக்கு முந்தைய சான்றிதழ்களில் 'யு', 'ஏ' இரண்டுதான் இருக்கும். 'யுஏ' அதற்குப் பிறகு வந்தது. அன்றைக்கு நடுவில் நிறுத்த இடம் இல்லாததால் 'ஏ' வாங்கிய படங்கள் பல இன்று போனால் 'யுஏ' கிடைக்கக்கூடியவை. புதிதாக விண்ணப்பிப்பதில் லாபம் இருக்கும் சில இடங்களில் இது ஒன்று.

முக்கோணம்: சான்றிதழின் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் போட்டிருந்தால் கட்டுகளோடு சான்றிதழ் பெற்ற படம் என்று பொருள். அப்படியானால் இரண்டாம் பகுதியில் கட் விவரம் இருக்கும். அந்தப் பக்கத்தையும் வாங்காமல் விடாதீர்கள்.

வடிவம்: பிந்தைய சான்றிதழ் எண்கள் 'சிஐஎல்' என்று தொடங்கினால் பிலிமில் எடுத்த இந்திய நீண்ட படம், 'டிஐஎல்' என்றால் டிஜிட்டல். அடுத்து வரும் 1, 2, 3 முறையே யு, யுஏ, ஏ. கடைசியில் உள்ள மூன்றெழுத்து மண்டலம். உங்கள் சான்றிதழ் பிலிமுக்கானது, ஓடப்போவது டிசிபி (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி) என்றால், சர்வர் நிறுவனமும் தியேட்டரும் டிஜிட்டல் வடிவத்துக்கான தாளைக் கேட்பது வழக்கம். இதை முதல் நாளே மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நீளம்: இதுதான் தலையாயது.

அடியை நிமிடமாக்குவது

பழைய சான்றிதழில் நீளம் அடியில் இருக்கும், பிறகு வந்தவற்றில் மீட்டரில். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், நொடிக்கு 24 பிரேம். ஆக ஒரு நிமிடத்துக்கு 90 அடி, அல்லது 27.43 மீட்டர். 15,750 அடி என்று போட்டிருந்தால் 90-ஆல் வகுங்கள்: 175 நிமிடம். அதுவே மீட்டரில் சுமார் 4,800.

இப்போது உங்கள் கையில் இருக்கும் ஸ்கேனின் ஓட்ட நேரத்தை இதோடு ஒப்பிடுங்கள். 175 வர வேண்டிய படம் 168 நிமிடம் வந்தால் பதற வேண்டாம். காட்சி எதுவும் போகவில்லை. டி.வி.க்காக நொடிக்கு 25 பிரேமில் மாற்றிய மாஸ்டரை (மூலப் பிரதியை) யாரோ கொடுத்திருக்கிறார்கள். 24-ஐ 25-ஆல் வகுத்து 175-ஆல் பெருக்கினால் சரியாக 168. பாட்டுகளின் சுருதியும் கொஞ்சம் ஏறியிருக்கும், காது பழகியவர்களுக்கு உடனே தெரியும். அதை மீண்டும் 24-க்கு இறக்கி, ஒலியையும் அதே அளவு தாழ்த்த வேண்டும். இதைக் கவனிக்காமல் டிசிபி செய்தால் பாடகரின் குரலே மாறி ஒலிக்கும். அந்தப் பாட்டுக்காகவே வருகிற ரசிகருக்கு நாம் செய்கிற அநியாயம் அது.

161 நிமிடமோ 170 நிமிடமோ வந்தால்தான் காட்சி போயிருக்கிறது. எது போனது என்று ரீல் ரீலாகப் பார்க்க வேண்டும். ரீல் ஆரம்பத்திலும் முடிவிலும் தேய்ந்துபோன பிரேம்கள் பெரிய விஷயமில்லை. முழுப் பாட்டோ நகைச்சுவைக் காட்சியோ போயிருந்தால் வேறு பிரதி தேடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைக்குப் போன பிரிண்ட்கள் சில சமயம் காப்பாற்றும். ஆனால் அங்கே அந்தந்த நாட்டுத் தணிக்கை தனியாக வெட்டியிருக்கும். அதோடு, நம்மூரில் வெட்டச் சொன்ன துண்டு அங்கே போன பிரிண்டில் அப்படியே இருக்கவும் கூடும்.

இங்கேதான் கவனம். நீளம் சான்றிதழைவிட அதிகமாக வந்தால், முக்கோணம் போட்ட சான்றிதழின் கட் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். '7-ஆம் ரீல், 220-ஆவது அடி' என்று இருந்தால் 220-ஐ 90-ஆல் வகுக்க வேண்டும். அந்த ரீல் தொடங்கி 2 நிமிடம் 27 நொடியில் அந்த இடம் வரும். வெட்டிய துண்டு அங்கே உட்கார்ந்திருந்தால், எவ்வளவு அருமையான காட்சியாக இருந்தாலும், அது சான்றிதழ் பெறாத காட்சி. அதைச் சேர்த்துக் காட்ட ஆசைப்பட்டால் முறையாக விண்ணப்பித்துச் சேர்க்கலாம். 'ஷோலே' படத்தின் முடிவு 1975-ல் தணிக்கைக்காக மாற்றப்பட்டது. அசல் முடிவோடு மீட்டெடுத்த பிரதி 2025-ல் இத்தாலியின் போலோஞ்யா விழாவில் திரையானது. கிடைத்த துண்டைக் காப்பாற்றுவது நல்ல காரியம். சொல்லாமல் ஒட்டி ஓட்டுவதுதான் குற்றம்.

மாற்றப் பட்டியல்

படத்தைத் தொட்ட ஒவ்வொரு இடத்தையும் ஒரு பட்டியலில் எழுதுங்கள்: எந்த நேரம், எவ்வளவு நொடி, என்ன செய்தோம், ஏன். கீறல் நீக்கியது, புள்ளி துடைத்தது, நிறம் திருத்தியது போன்ற சீரமைப்பை ஒரே பத்தியில் பொதுவாகச் சொன்னால் போதும். தனித்தனியாக எழுத வேண்டியவை:

நீக்கிய காட்சி, வசனம், பாட்டு. சுருக்கிய சண்டை.
புதிதாகச் சேர்த்த டைட்டில், நன்றி அறிவிப்பு, ரசிகர் மன்றக் காணிக்கை.
புதிதாக வாசித்துச் சேர்த்த பின்னணி இசை, சேர்த்த ஒலி விளைவுகள், 5.1 அல்லது அட்மாஸ் (பல ஒலிபெருக்கிகளுக்கான) மிக்ஸ்.
வண்ணம் ஏற்றியது.
4:3 அளவில் எடுத்த படத்தை மேலும் கீழும் வெட்டி ஸ்கோப் (அகலத் திரை) ஆக்கியது.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கால ஒளிப்பதிவாளர் 4:3 சட்டத்துக்குள் தலை முதல் கால் வரை அளந்து வைத்த ஷாட்டில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விடும். நாட்டியக் காட்சியில் பாதமே இருக்காது. திரையின் இரு பக்கமும் கறுப்பு விட்டு அசல் அளவிலேயே காட்டினால் எந்த ரசிகரும் குறை சொல்வதில்லை. சென்சாரில் விளக்க வேண்டிய ஒரு விஷயமும் குறைகிறது.

"இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று மூன்று பாட்டை எடுத்துவிடுவதும் இதே கதைதான். பழைய படத்துக்கு வருகிற கூட்டம் வருவதே அந்தப் பாட்டுகளுக்காக. 2012 மார்ச்சில் சிவாஜியின் 'கர்ணன்' டிஜிட்டலில் வந்து 100 நாளைத் தாண்டியது, பாட்டைக் குறைத்ததாலா? நீங்கள் வெட்டிய ஒவ்வொரு பாட்டும் சான்றிதழில் ஏற்ற வேண்டிய ஒரு குறிப்பு, மேற்கொண்டு ஒரு வாரத் தாமதம்.

செயற்கை நுண்ணறிவால் முடிவையோ முகத்தையோ மாற்றுவது இப்போது புதிய தலைவலி. 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' முடிவு மாற்றி மறுவெளியீடு ஆனபோது அதன் இயக்குநரும் நாயகனும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். சென்சார் அனுமதி ஒரு கதவு மட்டுமே. படைத்தவர்களின் சம்மதம் என்ற கதவு தனியாக இருக்கிறது.

எந்த வழியில் போவது

பட்டியல் தயாரானால் வழி தானாகத் தெரியும்.

படம் அடிக்கு அடி பழையதேதான், மாற்றம் ஏதுமில்லை என்றால் பழைய சான்றிதழே நிற்கும். வடிவம் பற்றிய கேள்வியை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் சில இடங்களில் மட்டும் என்றால், மாற்றங்களைத் தெரிவித்துச் சான்றிதழில் குறிப்பு ஏற்றும் வழி. இதில் பேச்சு, மாறிய பகுதிகளைச் சுற்றியே இருக்கும்.

சான்றிதழே இல்லை, அல்லது படம் பெரிதும் மாறிவிட்டது, அல்லது பழைய 'ஏ'வை 'யுஏ' ஆக்க வேண்டும் என்றால் புதிய சான்றிதழ். இங்கே முழுப் படமும் இன்றைய கண்ணுக்கு முன் வரும். 1991 டிசம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள்தான் இன்றும் அளவுகோல். ஆனால் பார்க்கும் பார்வை மாறியிருக்கிறது. 1970-களில் சிரித்துவிட்டுப் போன சாதிப் பெயர் வசவு, உடல் குறையைக் கிண்டல் செய்யும் வசனம், பெண்ணை அறைந்து 'திருத்தும்' காட்சி, வன்புணர்வை நாயகனே திருமணத்தால் தீர்த்துவைக்கும் திருப்பம், இவையெல்லாம் குழுவின் கண்ணில் படும். நம் பக்கத்துக் கிராமக் கதைகளில் மாடு பிடிப்பும் சேவல் சண்டையும் சேர்ந்துகொள்ளும்.

முடிந்தவரை குறிப்பு ஏற்றும் இரண்டாவது வழியிலேயே வேலையை முடியுங்கள் என்பதே எங்கள் துணிபு. படத்தை எவ்வளவு குறைவாகத் தொடுகிறீர்களோ அவ்வளவு குறைவாகவே கேள்வி வரும்.

தாள்கள்

விண்ணப்பம் இ-சினிபிரமாண் இணையதளத்தில். இடைத்தரகர் தேவையில்லை, நீங்களே கணக்குத் தொடங்கிப் பதிவேற்றலாம். முதல் முறை ஆவணங்களோடு சென்னை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிய எழும்பூர். அங்கிருந்து ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் பக்கம்தான்.

கேட்பவை: கதைச் சுருக்கம், நடிகர் கலைஞர் பட்டியல், பாடல் வரிகள் முழுவதும், வசனப் பிரதி, உரிமை ஆவணம், பழைய சான்றிதழ், மாற்றப் பட்டியல், கட்டணம். பழைய படத்துக்கு வசனப் பிரதி இருக்காது. படத்தைப் போட்டுப் பார்த்து எழுதித்தான் ஆக வேண்டும். மூன்று மணி நேரப் படத்துக்கு ஒருவர் உட்கார்ந்து எழுத ஒரு வாரம் ஒதுக்குங்கள். பாடல் வரியையும் கதைச் சுருக்கத்தையும் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகத்திலிருந்தே எடுக்கலாம், பெயர்ப் பட்டியலும் அதிலேயே இருக்கும். பழைய புத்தகக் கடைகளில் கிடைக்காவிட்டால் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்துவைத்த குவியல் அது. சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அதில் உண்டு. ஆனால் புத்தகத்து வரியும் படத்து வரியும் ஒன்றா என்று கேட்டுச் சரிபாருங்கள். சென்சாருக்காகப் பாட்டில் சொல் மாறிய படங்கள் உண்டு. புத்தகம் அதற்கு முன்பே அச்சாகியிருக்கும்.

விலங்கு வரும் படம் என்றால், எடுத்த ஆண்டைக் காட்டும் பழைய சான்றிதழை முதலிலேயே இணைத்துவிடுங்கள். நடிப்பு விலங்குகள் பதிவு விதிகள் 2001-ல்தான் வந்தன. மறுவெளியீட்டுக்காகக் கணினியில் புதிதாக விலங்கைச் சேர்த்திருந்தால் அது வரைகலை என்று தனியாக எழுதிக் கொடுங்கள்.

படத்தின் பெயரோடு '4கே', 'டிஜிட்டல்' என்று எதையும் ஒட்டாதீர்கள். போஸ்டரில் தனி வரியாகப் போடுங்கள். சான்றிதழில், டைட்டில் கார்டில், விண்ணப்பத்தில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதே பெயரில் புதிய படம் ஒன்று வந்திருந்தால், விண்ணப்பத்தில் முதல் வெளியீட்டு ஆண்டையும் பழைய சான்றிதழ் எண்ணையும் குறிப்பிடுங்கள்.

தேதி அறிவித்துவிட்டு விண்ணப்பிப்பது கூடாது. கூடுதல் கட்டணத்தில் முன்னுரிமைத் திரையிடல் 2024 விதிகளில் இருக்கிறது. அதை நம்பித் திட்டம் போடாமல், மாட்டிக்கொண்டால் பயன்படுத்தும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குழு பார்க்கும் நாள்

பரிசோதனைக் குழு படம் பார்க்கும்போது நீங்கள் உள்ளே இருக்க முடியாது. முடிந்த பிறகு கூப்பிட்டுப் பேசுவார்கள். அப்போது பேச உரிமையாளரின் அதிகாரம் பெற்ற, படத்தைக் காட்சி காட்சியாக அறிந்த ஒருவர் இருக்க வேண்டும். "இந்த வசனம் வில்லன் பேசுவது, அடுத்த காட்சியில் நாயகி அவனைத் தட்டிக் கேட்கிறாள்" என்று சொல்லத் தெரிந்தால் வெட்டு ஒலி நீக்கமாகக் குறையும், சில சமயம் அதுவும் இல்லாமல் போகும். 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்ற ஒரே பதில் எடுபடாது.

ஒரு சொல்லை ஊமையாக்கச் சொன்னால் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய படத்தில் வசனம், இசை, ஒலி எல்லாம் ஒரே மோனோ டிராக்கில் கலந்திருக்கும். சொல்லை அணைத்தால் அதன் பின்னால் ஓடும் வீணையும் மழைச் சத்தமும் சேர்ந்து அரை நொடி செத்துப்போகும். திரையரங்கில் அது பெரிய ஓட்டையாகக் கேட்கும். சரியான முறை இது: அதே காட்சியில் யாரும் பேசாத இடத்திலிருந்து அதே நீளத்துக்குச் சூழல் ஒலியை எடுத்து, இரு முனையிலும் மூன்று நான்கு பிரேம் மங்கலோடு (ஒலி மெல்ல ஏறி இறங்கும்படி) ஒட்டுங்கள். பின்னால் இசை ஓடினால் அதே தாளக்கட்டில் அதே சுரம் திரும்பி வரும் இடத்தைத் தேடி எடுங்கள். குரலையும் இசையையும் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது உதவுகின்றன. ஆனால் பழைய ஆப்டிகல் டிராக்கின் (பிலிம் ஓரத்து ஒலித்தடத்தின்) இரைச்சலைக் குரல் என்று எடுத்துவிடும். ஹெட்போனில் கேட்டுத் திருப்தி அடையாமல் தியேட்டர் ஒலிபெருக்கியில் கேளுங்கள்.

குழு சொன்னது ஏற்க முடியாததாக இருந்தால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கும் மேல், முன்பு தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது உயர் நீதிமன்றம்தான். உத்தரவு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

சிகரெட் காட்சிகள்

புகையிலை எச்சரிக்கை சுகாதார அமைச்சகத்தின் விதிகளால் வருவது. பழைய படத்தில் புகைக்கும் காட்சி இருந்தால் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 நொடி எச்சரிக்கைப் படம் போட வேண்டும். அதைப் போடுகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு தியேட்டர் மேலாளருடையது. 2012 அக்டோபருக்குப் பிந்தைய படங்களுக்கு இதோடு 20 நொடி விளக்கமும், புகைக்கும் நேரம் முழுவதும் திரையின் அடியில் எச்சரிக்கை வரியும் சேரும். புதிய சான்றிதழுக்குப் போகிறீர்கள் என்றால் இந்தப் புதிய முறையையே பின்பற்றிவிடுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, படத்தின் மொழியிலேயே.

நாயகன் வாயில் சிகரெட்டோடு பாடும் நாலு நிமிடப் பாட்டில் 30, 40 ஷாட் இருக்கும். அவற்றில் சிகரெட் தெரியும் ஷாட்டுகளை நேரக் குறிப்போடு பட்டியலிடுங்கள். மேஜைமேல் கிடக்கும் பெட்டியும் கணக்கில் வரும். ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம்: இந்த வரியைச் சீரமைத்த மூல மாஸ்டரில் பதிக்கவே கூடாது. மாஸ்டர் எழுத்தில்லாமல் இருக்கட்டும். தியேட்டருக்குப் போகும் டிசிபியில் மட்டும் தனி அடுக்காகச் சேருங்கள். பத்தாண்டு கழித்து விதி மாறும். அப்போது எழுத்து பதிந்த மாஸ்டர் மட்டுமே மிஞ்சினால் அந்தப் படத்தின் சுத்தமான உருவம் என்று ஒன்று உலகத்திலேயே இருக்காது. ஒரிஜினல் நெகட்டிவ் வினிகர் வாடை பிடித்துச் சுருண்டுபோன படங்களுக்கு உங்கள் ஸ்கேன்தான் கடைசிப் பிரதி.

சான்றிதழ் வந்த பிறகு

சான்றிதழை டிசிபியின் தொடக்கத்தில் சேருங்கள். குழு பார்த்த பிரதியும் அனுப்பும் பிரதியும் ஒன்றேதானா என்று ஓட்ட நேரத்தை நொடி வரை ஒப்பிடுங்கள். போஸ்டரிலும் செய்தித்தாள் விளம்பரத்திலும் பிரிவைக் குறிப்பிடுவது கட்டாயம். தியேட்டரில் போடும் புதிய டிரைலருக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், படத்தின் சான்றிதழ் அதற்கு உதவாது. பழைய டிரைலரை இணையத்திலிருந்து இறக்கித் திரையில் போடுவதும் அதே தவறுதான்.

சாதி, ஊர்ப் பெயர், உள்ளூர்த் தலைவர் குறித்த காட்சி இருக்கும் படத்துக்கு நம் பக்கத்தில் எதிர்ப்பு வரலாம். 1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சான்றிதழ் பெற்ற படத்தைப் போராட்டம் வரும் என்ற அச்சத்தைக் காட்டித் தடுக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. அந்தத் தீர்ப்பின் நகலையும் சான்றிதழ் நகலையும் சேர்த்து, முன்கூட்டியே காவல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கொடுத்துவையுங்கள்.

கேடிஎம் (டிசிபியைத் திறக்கும் டிஜிட்டல் சாவி) திறவுகோலின் தேதியும் நேரமும் தியேட்டரின் முதல் காட்சிக்கு முன்பே தொடங்குகிறதா என்று வியாழக்கிழமை மாலைக்குள் பாருங்கள். ரசிகர் காட்சி காலையில் என்றால் இன்னும் முக்கியம். முடிந்தால் ஒரு தியேட்டரிலாவது முதல் ரீல் அளவு ஓட்டிப் பார்த்து, 4:3 படத்துக்குத் திரை மறைப்பு சரியாக வருகிறதா, ஒலி நடு ஒலிபெருக்கியில் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மூன்று மணி நேரப் படத்தை நாலு காட்சிக்குள் அடக்க, சில ஊர்களில் ஆபரேட்டர் பாட்டைத் தாண்டி ஓட்டுவார். பிலிம் காலத்தில் ரீலைக் கழற்றி வைத்த அதே பழக்கம் இப்போது சர்வர் பட்டனில் தொடர்கிறது. சான்றிதழ் பெற்ற படத்தைத் திரையிடும் இடத்தில் குறைப்பதும் 7-ஆம் பிரிவுக்குள் வருகிற விஷயம் என்று தியேட்டர் உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லி, 'முழு நீளம், எந்தக் காட்சியும் பாடலும் விடாமல்' என்று எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். நாலு காட்சி அடங்காத படத்துக்கு மூன்று காட்சியே போடச் சொல்லுங்கள்.